சொந்தப் பாட்டு ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

சொந்தமாக மெட்டமைத்துப் பாடி வெளியிட்ட பாட்டு இன்ஸ்டாகிராமிலோ யூடியூபிலோ மக்கர் செய்தால், பலரும் முதலில் செய்வது வீடியோவை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது. பெரும்பாலும் அதனால் ஒன்றும் மாறாது. வந்திருந்த லைக்கும் கமென்ட்டும் போனதுதான் மிச்சம்.

உங்களுக்குப் பாட்டு ஒன்றுதான். தளத்துக்கு அது மூன்று. வீடியோவுக்குள்ளேயே நீங்கள் சேர்த்து அனுப்புவது ஒன்று. இதை வீடியோ ஒலி என்று வைத்துக்கொள்வோம். டிஸ்ட்ரிப்யூட்டர், அதாவது பாட்டைத் தளங்களுக்கு அனுப்பித்தரும் நிறுவனம், வழியாகப் போய், எல்லோரும் தேடி எடுத்துக்கொள்ளும் மியூசிக் பட்டியலில் உட்கார்வது இரண்டாவது. இது பட்டியல் பிரதி. யாராவது எடுத்துப் போட்டால் பிடிப்பதற்காகத் தளம் வைத்திருக்கும் அடையாளம் மூன்றாவது. இது ஒலி ரேகை. யூடியூபில் கன்டென்ட் ஐடி, மெட்டாவில் ரைட்ஸ் மேனேஜர் என்பவை இந்த ரேகையை வைத்துத்தான் வேலை செய்கின்றன. மூன்றும் ஒரே ஆளிடமிருந்து வந்தவை என்பது தளத்துக்குத் தானாகத் தெரியாது. கோளாறு மூன்றில் எதில் என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பிரிப்பதற்கு ஒரு சின்ன சோதனை. வேறொருவரின் போனில், வேறு கணக்கில் அதே வீடியோவைப் போடுங்கள். அங்கே சரியாகக் கேட்டால் கோளாறு உங்கள் கணக்கில். அங்கேயும் சத்தமே இல்லை, அல்லது ஏதோ அறிவிப்பு வருகிறது என்றால் ஒலி ரேகையில். சத்தம் வருகிறது, ஆனால் கேட்கச் சகிக்கவில்லை என்றால் வீடியோ ஒலியில்.

ஸ்பாட்டிஃபையில் இருக்கிறது, இன்ஸ்டாகிராமில் தேடினால் வரவில்லை

முதலில் டிஸ்ட்ரிப்யூட்டரின் தளத்தில் அந்தப் பாட்டின் ஸ்டோர் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பல இடங்களில் தனி டிக். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் எல்லாம் தானாகவே டிக் ஆகியிருக்கும். இது மட்டும் காலியாக இருக்கும். டிக் செய்த பிறகும் ஓரிரு வாரம் பொறுக்க வேண்டியிருக்கலாம். வெளியீட்டு நாளன்றே ரீல் போட நினைப்பவர்கள் மூன்று நான்கு வாரம் முன்பே பாட்டை அனுப்பிவிடுவது நல்லது.

டிக் இருந்தும் வரவில்லை என்றால் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். பாட்டின் பெயரைத் தமிழில் கொடுத்துவிட்டு ஆங்கில எழுத்தில் தேடினால் வராமல் போகலாம். ஆங்கில எழுத்தில் கொடுத்திருந்தாலும், ‘ழ’வுக்கு நீங்கள் ஒரு மாதிரி எழுதியிருப்பீர்கள், கேட்பவர் வேறு மாதிரி தேடுவார். பாட்டின் பெயரோடு பாடியவர் பெயரையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். அப்போது வந்தால் பிரதி இருக்கிறது, தேடலில்தான் பின்தங்குகிறது. அதை நீங்கள் திருத்த முடியாது. ஆனால் ரீலின் விளக்கத்தில், பட்டியலில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட்டுவிட்டால் தேடுபவருக்கு உதவும்.

மற்றவர்களுக்கு வருகிறது, எனக்கு மட்டும் வரவில்லை

உங்கள் கணக்கு பிசினஸ் கணக்கு. இசைக் குழுவுக்கோ பாட்டு வகுப்புக்கோ கணக்கு தொடங்கும்போது பலர் இதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். தனிநபர் பயன்பாட்டுக்கு மட்டும் உரிமம் பெற்ற பாட்டை வணிக விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதால் இந்த வகைக் கணக்குக்கு முழுப் பட்டியலும் திறக்காது. உரிமச் சிக்கல் இல்லாத பின்னணி இசைத் தொகுப்பு மட்டும்தான் கிடைக்கும். பாட்டின் உரிமையாளர் நீங்களே என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அமைப்புகளில் ‘அக்கவுன்ட் டைப் அண்ட் டூல்ஸ்’ என்ற இடத்துக்குப் போய் கிரியேட்டர் கணக்காக மாற்றுங்கள். ஆப்பை மூடித் திறந்தும் மாற்றம் தெரியாவிட்டால் ஒருநாள் விட்டுப் பாருங்கள்.

வேறொருவரின் பக்கத்தோடு இணைந்து வருகிறது

உங்கள் பெயரிலேயே இன்னொரு பாடகர் இருக்கிறார். கார்த்திக், பிரியா, விக்னேஷ் என்று ஒற்றைப் பெயரில் வெளியிட்டால் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தளத்திடம் முறையிட்டுப் பலனில்லை, டிஸ்ட்ரிப்யூட்டருக்கு எழுதுங்கள். பாட்டின் ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு பதிவுக்கும் தரப்படும் அடையாள எண்), உங்கள் ஸ்பாட்டிஃபை பக்கத்தின் சுட்டி, ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம் பக்கம், யூடியூப் சேனல் எண் ஆகிய ஐந்தையும் ஒரே கடிதத்தில் கொடுங்கள். சேனல் எண் என்பது சேனலின் பெயர் அல்ல. ‘யூசி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் 24 எழுத்துக் குறியீடு அது. யூடியூப் அமைப்புகளில் ‘அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்’ பகுதியில் கிடைக்கும். அடுத்த பாட்டுக்கு இனிஷியலோ ஊர்ப் பெயரோ சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

டிக்டாக்கில் பல்லவி வருவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது

இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூன் கடைசியிலிருந்து தடையில் இருக்கிறது. ஆனால் இலங்கை, மலேசியா, கனடா ரசிகர்கள் அங்கேதான் பாட்டைப் பிடிக்கிறார்கள். அங்கே போவது பாட்டிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. எங்கே வெட்ட வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் தளமோ டிஸ்ட்ரிப்யூட்டரோ ஏதோ ஓர் இடத்தில் வெட்டிவிடும். பாட்டு ஆலாபனையிலோ புல்லாங்குழல் முன்னிசையிலோ தொடங்கினால் பல்லவிக்கு முன்பே துண்டு தீர்ந்துவிடலாம். பாட்டை அனுப்பும் படிவத்தில் ‘க்ளிப் ஸ்டார்ட் டைம்’ என்ற கட்டத்தில் பல்லவி தொடங்கும் நொடிக்கு ஒரு நொடி முன்னதாகக் கொடுங்கள். இன்ஸ்டாகிராம் பட்டியல் பிரதியில் இந்தத் தொல்லை குறைவு. பயன்படுத்துபவரே பட்டையை நகர்த்தி வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

பாட்டின் பெயருக்குப் பதில் ‘ஒரிஜினல் ஆடியோ’ என்று வருகிறது

பாட்டை வீடியோவிலேயே சேர்த்து ஏற்றியிருக்கிறீர்கள். தளம் அதைப் புதிய ஒலியாக எடுத்துக்கொண்டு உங்கள் கணக்கின் பெயரில் ஒரு தனிப் பக்கம் திறந்துவிட்டது. அந்த ஒலியை வைத்து யாராவது ரீல் செய்தால் எண்ணிக்கை இந்தப் பக்கத்தில் ஏறும், பட்டியல் பிரதியில் ஏறாது. இரண்டு பக்கமும் தனித்தனியாக இளைத்துக் கிடக்கும்.

ரீலில் ஒலியின் பெயரைத் தட்டினால் அதன் பக்கம் திறக்கும். அங்கே பெயர் மாற்றும் வசதி இருக்கிறது. ஒரே ஒரு முறைதான் மாற்ற முடியும். அவசரத்தில் எழுத்துப்பிழையோடு சேமித்தால் அது அப்படியே நிற்கும். முதலில் வேறெங்காவது தட்டச்சு செய்து சரிபார்த்துவிட்டு ஒட்டுங்கள். கணக்கு பிரைவேட்டாக இருந்தால் இந்த ஒலியை வேறு யாரும் எடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாட்டு ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது என்றால் நல்ல வழி வேறு. வீடியோவைச் சத்தமில்லாமல் ஏற்றி, பட்டியல் பிரதியை மேலே வையுங்கள். அங்கேதான் அடுத்த கோளாறு காத்திருக்கிறது.

குரல் குழாய்க்குள்ளிருந்து வருகிறது, இரட்டையாகக் கேட்கிறது

வீடியோ ஒலியும் பட்டியல் பிரதியும் ஒன்றாக ஓடுகின்றன. ஒரே பாட்டின் இரண்டு பிரதிகள் சில மில்லிநொடி வித்தியாசத்தில் ஓடினால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று விழுங்கும். அதனால்தான் அந்தக் குழாய்ச் சத்தம். வித்தியாசம் பெரிதானால் எதிரொலியாகவே கேட்கும். ரீல் திருத்தும் திரையில் ஒலியளவுப் பட்டைகள் இரண்டு இருக்கும். கேமரா ஒலியைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். ‘கொஞ்சம் இருக்கட்டும்’ என்று ஐந்து, பத்தில் விட்டால் ஹெட்ஃபோனில் பிடிபட்டுவிடும்.

உதட்டசைவு பட்டியல் பிரதியோடு பொருந்த வேண்டுமே என்றால், முதலில் வீடியோ ஒலியை வைத்துக்கொண்டே பட்டியல் பிரதியை நகர்த்துங்கள். எதிரொலி குறுகிக் குழாய்ச் சத்தமாகி, பிறகு அதுவும் மறைந்து எங்கே ஒரே குரலாகக் கேட்கிறதோ அதுதான் பொருந்தும் இடம். பொருந்தியதும் கேமரா ஒலியை அணைத்துவிடலாம்.

ஹெட்ஃபோனில் நன்றாக இருக்கிறது, போன் ஸ்பீக்கரில் குரலே காணோம்

மேடைக் கச்சேரிப் பதிவுகளில் இது அடிக்கடி வரும், ஆளையும் நன்றாகக் குழப்பும். மிக்ஸரின் மெயின் அவுட்டில் வருவது பாலன்ஸ்டு ஒலி: ஒரே ஒலியை நேராக ஒரு கம்பியிலும் தலைகீழாக இன்னொரு கம்பியிலும் அனுப்பும். நீண்ட கேபிளில் ஏறும் இரைச்சலைக் கழிப்பதற்கான ஏற்பாடு அது. அந்த இரண்டு கம்பிகளையும் மூன்று வளையப் பின் வழியாக கேமரா அல்லது ரெக்கார்டரின் ஸ்டீரியோ இன்புட்டில் செருகினால், நேரான ஒலி இடது பக்கமும் தலைகீழ் ஒலி வலது பக்கமும் பதியும். ஹெட்ஃபோனில் காதுக்கு ஒன்றாகப் போவதால் ஏதோ தலைக்குப் பின்னால் கேட்பது போல் இருக்குமே தவிர, சத்தம் இருக்கும். ஒற்றை ஸ்பீக்கர் போனில் இடதும் வலதும் கூடும்போது நேரும் தலைகீழும் கழிந்து சூன்யமாகிவிடும்.

ஏற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ‘ஆக்ஸசிபிலிட்டி’ அமைப்பில் ‘மோனோ ஆடியோ’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதைப் போடுங்கள். குரல் காணாமல் போனால் இதுதான் வியாதி.

பதிவு முடிந்துவிட்டதா, கவலை இல்லை; இழப்பு எதுவும் கிடையாது. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் கோப்பைத் திறந்து, டிராக்கின் பெயரருகே உள்ள மெனுவில் ‘ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ’ கொடுங்கள். இரண்டாகப் பிரிந்ததில் கீழே உள்ளதை அழித்துவிட்டு, மேலே உள்ளதை மட்டும் ஏற்றுமதி செய்யுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டே சரிசெய்ய வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து ‘இன்வர்ட்’ கொடுங்கள். அடுத்த கச்சேரிக்கு மிக்ஸரின் ‘ரெக் அவுட்’ அல்லது ‘டேப் அவுட்’ துளையிலிருந்து எடுங்கள். அது இந்த வேலைக்கென்றே வைத்தது.

குரல் முழுக்கப் போகாமல் கோரஸ் மட்டும் மெலிந்துபோனால் காரணம் கேபிள் இல்லை. மிக்ஸிங்கில் ஸ்டீரியோவை விரிக்கும் பிளகின் அளவுக்கு மீறிப் போடப்பட்டிருக்கிறது. மிக்ஸ் செய்தவரிடம், இடதும் வலதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோரிலேஷன் மீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே அடிக்கடி போகாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தம்புரா காணாமல் போகிறது, கார்வை (நீண்டு நிற்கும் சுரம்) பாதியில் அறுகிறது

போனிலும் மலிவான ஒயர்லெஸ் காலர் மைக்கிலும் உள்ள இரைச்சல் நீக்கிதான் குற்றவாளி. மாறாமல் தொடர்ந்து வரும் ஒலி எதுவோ அது இரைச்சல் என்பது அதன் கணக்கு. மின்விசிறி, ஏசிக்கு அந்தக் கணக்கு சரி. தம்புராவுக்கும் சுருதிப் பெட்டிக்கும் மாறாமல் தொடர்வதுதானே வேலை? பாட்டு தொடங்கிய ஓரிரு நொடியில் சுருதி மங்கும். பாடுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் சட்டென்று மௌனமாகும். நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையும் வீணையின் அடங்கும் நாதமும் இப்படியே வெட்டுப்படும்.

காலர் மைக்கில் பொத்தானை அழுத்தினால் விளக்கின் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் அது இரைச்சல் நீக்கியின் சுவிட்ச். அணைத்துவிட்டுப் பத்து நொடி சுருதி மட்டும் பதிந்து கேளுங்கள். சீராக இருந்தால் பாடத் தொடங்கலாம். போனின் கேமரா ஆப்பில் அணைக்க வழியே இல்லை என்றால் ஒலியைத் தனியாக ஒரு ரெக்கார்டரில் எடுங்கள்: வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சச் சத்தம் மைனஸ் 12 டெசிபெல் அருகே. தொடக்கத்தில் கேமரா முன் ஒரு முறை கை தட்டிவிட்டால் பிறகு இரண்டையும் பொருத்துவது சுலபம். வெட்டுப்பட்ட தம்புராவை எடிட்டிங்கில் மீட்க முடியாது. அதே சுருதியில் வேறு தம்புரா ஒலியை அடியில் சேர்ப்பது ஒன்றே வழி. அதற்கும் கலைஞரின் சுருதி ஒரு இம்மி நகர்ந்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

பாட்டு தண்ணீருக்குள் கேட்பது போல் இருக்கிறது

எடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியிருப்பீர்கள். வாட்ஸ்அப் ஒரு முறை நசுக்கும், எடிட்டிங் ஆப் ஏற்றுமதியில் ஒரு முறை நசுக்கும், தளம் ஒரு முறை நசுக்கும். அதே வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். 2 ஜிபி வரை ஏற்கும். எடிட்டிங்கில் வைக்கும் ஒலி வேவ் ஆக இருக்கட்டும், எம்பி3 வேண்டாம். ஏற்றுமதியில் ஏஏசி என்ற ஒலி வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், ஆப் எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு பிட்ரேட். யூடியூப் ஸ்டீரியோவுக்குப் பரிந்துரைப்பது நொடிக்கு 384 கிலோபிட்.

மற்றவர்கள் பாட்டுக்குப் பக்கத்தில் என்னுடையது சின்னதாகக் கேட்கிறது

கணினியில் யூடியூப் வீடியோ மேல் வலது சொடுக்கி ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறங்கள். ‘வால்யூம்’ என்ற வரியில் ‘கன்டென்ட் லவுட்னஸ்’ என்று ஓர் எண் இருக்கும். பிளஸ் 3 டெசிபெல் என்றால் உங்கள் பாட்டு யூடியூபின் அளவைவிட 3 டெசிபெல் அதிகம். அதை ஏறத்தாழ 71 சதவீதத்துக்கு இறக்கித்தான் ஒலிக்கிறது. மைனஸ் 8 என்றால் 8 டெசிபெல் குறைவு. யூடியூப் இறக்குமே தவிர, குறைவானதை ஏற்றாது. அதனால் அதன் அளவான மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸை (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) ஒட்டிப் பாட்டின் இறுதி வடிவத்தை மாஸ்டர் செய்து, உச்சத்தைத் தடுக்கும் லிமிட்டரின் எல்லையை மைனஸ் 1 டெசிபெல்லில் நிறுத்துங்கள். பூஜ்யம் வரை ஏற்றினால் ஏஏசியாக மாறும்போது உச்சங்கள் தாண்டி, கஞ்சிராவின் சலங்கையும் ஜால்ராவும் கரகரக்கும்.

எண் சரியாக இருந்தும் போனில் மெலிசாகக் கேட்டால் சத்தத்தை மேலும் ஏற்றிப் பயனில்லை. போன் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே தராது. மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் குடியிருப்பது அங்கேதான். அந்த வாத்தியங்களில் மட்டும் கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான ஒலித் திரிபு) சேர்த்தால் 400, 600 ஹெர்ட்ஸில் உபசுரங்கள் எழும். அடித்தளம் கேட்காவிட்டாலும் காது அதை ஊகித்துக்கொள்ளும்.

சுருதி ஏறிவிட்டது, உதடு பொருந்தவில்லை

பாட்டு வேகமாகவும் சுருதி உயர்ந்தும் கேட்டால், 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை ஏதோ ஒரு மென்பொருள் 48 என்று நம்பி ஓட்டுகிறது. வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும். ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ போய் நிற்கும். எந்த வாத்தியமும் அதோடு சேராது. ஒலியை முறையாக 48க்கு மாற்றிய பிறகு எடிட்டிங்கில் வையுங்கள்.

சுருதி சரி, தொடக்கத்தில் உதடும் சரி, மூன்றாம் நிமிடத்தில் விலகுகிறது என்றால் காரணம் வேறு. போன் கேமரா வெளிச்சத்துக்கேற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது; எடிட்டிங் மென்பொருள் சீரான வேகம் என்று நினைத்துக்கொள்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’, 30 என்று மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள். தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு விலகியிருந்தால், நீங்கள் பார்த்தது ப்ளூடூத் ஹெட்ஃபோனில். அது எப்போதும் கொஞ்சம் பின்தங்கும். கம்பி ஹெட்ஃபோனில் பார்த்துவிட்டுப் பிறகு நகர்த்துங்கள்.

என் பாட்டுக்கு எனக்கே க்ளெய்ம் (உரிமை கோரல்) வருகிறது

பயப்பட வேண்டாம், யாரும் திருடவில்லை. டிஸ்ட்ரிப்யூட்டர் உங்கள் சார்பில் ஒலி ரேகையைப் பதிந்திருக்கிறார். ரேகை உங்கள் சேனலையே பிடித்துவிட்டது. க்ளெய்ம் போட்டவர் பெயரில் டிஸ்ட்ரிப்யூட்டர் பெயரோ அவரோடு வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரோ இருந்தால் சந்தேகமே வேண்டாம். டிஸ்ட்ரிப்யூட்டரிடம் உங்கள் 24 எழுத்துச் சேனல் எண்ணைக் கொடுத்து ‘அலோலிஸ்ட்’ செய்யச் சொல்லுங்கள், அதாவது இந்தச் சேனலுக்கு க்ளெய்ம் வராமல் விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். யூடியூபுக்குக் கொடுத்தது அங்கே செல்லாது.

இதைத் தள்ளிப்போட்டால் ஷார்ட்ஸில் மாட்டுவீர்கள். 2024 அக்டோபர் 15 முதல் நெட்டுவாக்கில் அல்லது சதுரமாக ஏற்றும் 3 நிமிடம் வரையான வீடியோ எல்லாம் ஷார்ட்ஸ் கணக்கில் சேர்கிறது. ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட ஷார்ட்ஸில் கன்டென்ட் ஐடி க்ளெய்ம் இருந்தால், அது வருமானத்தை மட்டும் எடுக்கும் சாதுவான க்ளெய்மாக இருந்தாலும், வீடியோவே முடங்கும். 2 நிமிடம் 50 நொடிப் பாட்டை நெட்டுவாக்கில் ஏற்றி, சொந்த டிஸ்ட்ரிப்யூட்டரின் க்ளெய்மால் முடக்கிக்கொள்வது இப்படித்தான். அலோலிஸ்ட் ஆகும்வரை 60 நொடிக்குள் வெட்டிப் போடுங்கள், அல்லது முழுப்பாட்டைக் கிடைவாக்கில் போடுங்கள். ஏற்றும்போது முதலில் ‘பிரைவேட்’ என்று வைத்தால் சரிபார்ப்புக்கான ‘செக்ஸ்’ (Checks) என்ற படியில் க்ளெய்ம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

யாரென்றே தெரியாதவர் க்ளெய்ம் போட்டிருக்கிறார்

எந்த இடத்தில் பொருந்தியது என்று க்ளெய்மிலேயே நிமிடம், நொடியோடு இருக்கும். அந்த இடத்தில் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள். இணையத்தில் வாங்கிய பீட் (ஆயத்தப் பின்னணி இசை) அல்லது தயார்நிலை லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத் துண்டு) என்றால் கதை புரிந்துவிடும். லீஸ் (பயன்பாட்டு உரிமம் மட்டும் தரும்) முறையில் விற்கும் பீட்டை உங்களுக்கு மட்டும் விற்பதில்லை. அதே பீட்டை வாங்கிய இன்னொருவர் தன் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டார். அவர் ரேகையில் உங்கள் பீட்டும் சேர்ந்துபோனது. தனியுரிமை இல்லாத ஒலியைப் பதிவது விதிமீறல். அதே விதி உங்களுக்கும்தான். லீஸ் பீட், இலவச லூப் வைத்த பாட்டுக்குக் கன்டென்ட் ஐடி டிக்கைத் தொடாதீர்கள்.

உரிமப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு ‘லைசன்ஸ்’ என்ற காரணத்தில் மறுப்புக் கொடுங்கள். க்ளெய்ம் வந்த 5 நாளுக்குள் கொடுத்தால், முதல் நாளிலிருந்து வரும் வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும். எதிர்த்தரப்புக்குப் பதிலளிக்க 30 நாள். பதில் வராவிட்டால் க்ளெய்ம் விழுந்துவிடும். மறுத்தால் மேல்முறையீடு உண்டு. ஆனால் அதையும் அவர் ஏற்காமல் வீடியோவை நீக்கக் கோரினால் சேனலுக்கு ஸ்ட்ரைக், அதாவது பதிப்புரிமை மீறல் எச்சரிக்கை. க்ளெய்ம் வீடியோவோடு நிற்கும், ஸ்ட்ரைக் சேனலையே தொடும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனல் போய்விடும். கையில் பத்திரம் இல்லாமல் மேல்முறையீட்டுக்குப் போகாதீர்கள்.

தியாகராஜர் கீர்த்தனை பாடினேன், ஏதோ இசை நிறுவனம் உரிமை கேட்கிறது

கன்டென்ட் ஐடி மெட்டையும் ஒப்பிடும். ஒரே ராகம், ஒரே சங்கதி, அதே சுருதி என்றால் பழைய இசைத்தட்டோடு பொருந்துகிறது என்று சொல்லிவிடும். மேல்நாட்டு இசைக்காரர்களுக்கும் இதே தலைவலிதான்: 2018ல் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் தானே வாசித்து ஃபேஸ்புக்கில் போட்ட பாக் இசையில் 47 நொடியை சோனி நிறுவனத்துக்குச் சொந்தம் என்று சொல்லி நிறுத்தினார்கள். பாக் இறந்தது 1750ல்.

மறுப்பு எழுதுமுன் இரண்டு உரிமைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். உருப்படியின் (இயற்றிய பாடலின்) உரிமை ஒன்று, பதிவின் உரிமை இன்னொன்று. இந்தியச் சட்டப்படி உருப்படி, அதை இயற்றியவர் வாழ்நாளுக்குப் பிறகு 60 ஆண்டு வரை பாதுகாப்பில் இருக்கும். தியாகராஜர் 1847ல் சித்தியடைந்தவர். அவர் உருப்படிகள் பொதுச்சொத்து. பாபநாசம் சிவன் 1973ல் மறைந்தார். அவர் பாடல்கள் 2033 முடியும்வரை பாதுகாப்பில் இருக்கின்றன.  இப்படி இன்னும் பாதுகாப்பில் உள்ள பாடல்களில் உருப்படிக்காக வரும் க்ளெய்மைத் தவறு என்று அடித்துப் பேச முடியாது. அனுமதி வாங்குங்கள், அல்லது வருமானத்தை விட்டுக்கொடுத்து வீடியோவை இருக்க விடுங்கள்.

தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்றால் ‘பப்ளிக் டொமைன்’ என்ற காரணத்தில், ஆங்கிலத்தில், நான்கு வரி போதும்: உருப்படியின் பெயர், இயற்றியவர், அவர் மறைந்த ஆண்டு, இந்தப் பதிவில் பாடியவர், வாசித்தவர்கள் பெயர், பதிந்த இடமும் நாளும், பதிவின் உரிமை உங்களுடையது என்ற வாக்கியம். பக்கவாத்தியக்காரர்களிடம் வீடியோ வெளியிட எழுத்தில் ஒப்புதல் வாங்கி வைத்திருந்தால் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கூசாமல் எழுதலாம். கோபத்தையும் சங்கீத சரித்திரத்தையும் சேர்க்காதீர்கள். படிப்பவர் ஒரு நாளில் எத்தனையோ மறுப்பைப் பார்ப்பவர்.

டிஸ்ட்ரிப்யூட்டரை மாற்றினேன், பழைய ரீல்களெல்லாம் ஊமையாகிவிட்டன

பழைய இடத்தில் பாட்டை நீக்கியதும் பட்டியல் பிரதி போய்விட்டது. அதை வைத்துச் செய்த ரீல்களில் சத்தமும் போய்விட்டது. வரிசையை மாற்றிச் செய்ய வேண்டும். முதலில் புதியவரிடம் பாட்டை ஏற்றுங்கள். அப்போது பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையே கொடுக்க வேண்டும். நாட்டுக்கு 2, பதிவாளருக்கு 3, ஆண்டுக்கு 2, வரிசைக்கு 5 என்று மொத்தம் 12 எழுத்து. ஒரு பதிவுக்கு ஆயுசுக்கும் ஒன்றுதான். ‘தானாக எண் கொடு’ என்பதை அழுத்தினால் புது எண் விழும், தளம் அதைப் புதுப் பாட்டாகவே பார்க்கும். பெயர், நீளம், ஒலிக்கோப்பு மூன்றும் அச்சாக அதுவாகவே இருக்கட்டும். புதிய பிரதி தளத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு பழையதை நீக்குங்கள். பழையவர் ஒலி ரேகையையும் விடுவித்தாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் இருவரும் ஒரே பாட்டுக்கு உரிமை கோரி, யூடியூப் இருவருக்கும் நடுவில் பணத்தை நிறுத்திவைக்கும்.

வரிகளில் கொம்பு தனியாக நிற்கிறது

ஒலிக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் பாட்டு வரி வீடியோ போடுபவர்களைப் படுத்தும் விஷயம். ‘கொ’ என்று அடித்தால் கொம்பும் காலும் திசைக்கொன்றாகப் போவது, எடிட்டிங் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தை அடுக்கத் தெரியாததால். பிரீமியரில் ‘கிராஃபிக்ஸ்’, ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ‘டைப்’ என்ற அமைப்புக்குப் போய் எழுத்து இயந்திரத்தை ‘சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றுங்கள். மாற்றிய பிறகு புதிதாக அடிக்கும் எழுத்தில்தான் பலன் தெரியும். பழையதை அழித்து மறுபடி ஒட்டுங்கள். போன் ஆப்பில் இந்த வசதி இல்லை என்றால் வரிகளைப் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக வேறிடத்தில் செய்து மேலே வையுங்கள். 1080க்கு 1920 திரையில் கீழ் ஐந்தில் ஒரு பங்கைத் தளம் காட்டும் கணக்குப் பெயரும் விளக்கமும் மறைக்கும், வலது ஓரத்தைப் பொத்தான்கள் மறைக்கும். வரிகள் திரையின் நடுப்பகுதியிலேயே இருக்கட்டும்.